பச்சைப் பலகையில் சிவப்பு எழுத்து ஏன் எடுபடவில்லை?

கேள்வி: தென்காசி பக்கம் மரச்செக்கு எண்ணெயும் சிறுதானியமும் விற்கும் கடை திறந்திருக்கிறேன். இயற்கைப் பொருள் என்பதால் ஃப்ளெக்ஸ் பலகைக்குப் பச்சைப் பின்னணி வைத்தோம், எடுப்பாக இருக்கட்டும் என்று கடைப் பெயரைச் சிவப்பில் போட்டோம். பக்கத்தில் நின்றால் நன்றாகத்தான் இருக்கிறது. எதிர்ச்சாரியிலிருந்து பெயரைப் படிக்க முடியவில்லை, சாயங்காலமானால் சுத்தம். அதே டிசைனில் அடித்த நோட்டீஸும் செல்போனில் பார்த்த பளிச்சென்ற பச்சை இல்லாமல் மங்கி வந்திருக்கிறது. எந்த நிறத்தை மாற்றுவது?

பதில்: பச்சையையும் விட வேண்டாம், சிவப்பையும் விட வேண்டாம். உங்கள் பலகையில் கோளாறு, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு கருமையில் இருப்பதுதான்.

எழுத்தின் ஓரத்தைக் கண் பிரித்துப் பார்ப்பது பெரும்பாலும் வெளிர்-கருமை வேறுபாட்டை வைத்துத்தான். நிறம் வேறாக இருப்பது அந்த வேலைக்கு அதிகம் உதவாது. ஓவியம் கற்க வருகிறவர்களை வண்ணத்தைத் தொட விடாமல் பென்சிலிலும் கரியிலும் நிழல் தீட்டவைப்பது இதனால்தான். உங்கள் பலகையைச் செல்போனில் படம் எடுத்து, கறுப்பு-வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். பெயர் பின்னணியோடு கரைந்துபோயிருக்கும். இனி எந்த டிசைன் வந்தாலும் முதலில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள், காசு செலவில்லை.

கணக்காகச் சொல்ல வேண்டுமென்றால் அதற்கும் அளவு இருக்கிறது. இணையத்துக்குத் தரம் வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்கிறது. பெரிய எழுத்தென்றால் 3 போதும். கணினியில் பலரும் எடுக்கும் நடுத்தரப் பச்சையின்மேல் தூய சிவப்பை வைத்தால் சுமார் 1.3தான் வருகிறது. அடர் பச்சையில் வெள்ளை எழுத்து 7-ஐத் தாண்டும். மஞ்சளில் மெரூன் 10 வரை போகும். திரைக்காக வகுத்த அளவுதான், ஆனாலும் பலகைக்கும் இதை உரைகல்லாக வைத்துக்கொள்ளலாம்.

சாயங்காலக் கதைக்குத் தனிக் காரணம் உண்டு. வெளிச்சம் குறையும்போது நம் கண்ணில் சிவப்பு சீக்கிரம் இருண்டுவிடும். பச்சையும் நீலமும் இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். செக் விஞ்ஞானி புர்க்கின்யே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கவனித்து எழுதிய விஷயம், அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. வியாபாரம் சூடுபிடிக்கிற நேரத்தில் உங்கள் கடைப் பெயர் அணைந்துபோகிறது என்று அர்த்தம். சிவப்பு-பச்சையைப் பிரித்தறிய முடியாத பார்வை உள்ளவர்களும் இருக்கிறார்கள், பெரும்பாலும் ஆண்கள். அவர்களுக்குப் பட்டப்பகலிலும் இதே கதிதான்.

ஆகவே என் யோசனை: பின்னணி நல்ல அடர் பச்சை, பெயர் வெள்ளை. சிவப்பை ஓர் இடத்தில் மட்டும், உதாரணத்துக்கு வெள்ளை வட்டத்துக்குள் ஒரு சின்னமாக, வையுங்கள். குறைவாக இருந்தால்தான் சிவப்புக்கு மரியாதை. மஞ்சள் எழுத்தும் எடுபடும், ஆனால் ஃப்ளெக்ஸுக்கு வெள்ளைதான் நல்லது. காரணம், அங்கே வெள்ளை என்பது மை படாத ஷீட். வெளுத்துப்போக அதில் மையே இல்லை. வெயிலில் மாதக்கணக்காக நின்ற போஸ்டர்கள் நீலம் பாய்ந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அச்சு மைகளில் மஞ்சளும் மெஜந்தாவும் (ஊதா சாயலுள்ள சிவப்பு) முதலில் போய்விடும், சயான் (பச்சை சாயலுள்ள நீலம்) தான் பெரும்பாலும் மிஞ்சும். சிவப்பு என்பதே அந்த இரண்டு மைகளின் கலவை. கடை மேற்குப் பார்த்தது என்றால் உங்கள் சிவப்புக்கு ஆயுள் இன்னும் குறைவு.

பெயரைச் சிவப்பிலிருந்து கறுப்புக்கு மாற்றி, ஓரத்தில் சிவப்புப் பட்டை போடலாமா என்று யாராவது சொல்வார்கள். நம் ஊரில் கறுப்பும் சிவப்பும் சேர்ந்தால் எண்ணெய்க் கடை ஞாபகம் வராது, கட்சிக் கொடிதான் வரும். பச்சை அமைதி தரும், சிவப்பு பசியைக் கிளப்பும் என்ற பட்டியல்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு நிறத்துக்கு அந்தந்தத் தெருவில் ஏற்கெனவே என்ன பொருள் இருக்கிறது என்று பார்ப்பதே உபயோகம்.

இன்னொன்று: நிறத்தைத் தனியாக வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். பாரிஸின் கோப்லான் திரைச்சீலை ஆலையில் கறுப்பு நூலில் சாயம் சரியாக ஏறவில்லை என்று புகார் வந்தது. 1824இல் அங்கே சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்ற வேதியியலாளர் ஷெவ்ரல் ஆராய்ந்து பார்த்தார். சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் இருந்த நீலம், ஊதா நூல்கள்தான் கறுப்பை வெளிறிக் காட்டின. உங்கள் கடைக்கும் இது பொருந்தும். வண்ண மாதிரி அட்டையில் பார்த்துப் பிடித்துப்போன சாம்பல் நிறத்தைப் பச்சைக்கு நடுவே வைத்தால் லேசாகச் சிவந்து தெரியும். பக்கத்து நிறத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

சரி, நோட்டீஸ். செல்போன் திரை சிவப்பு, பச்சை, நீல ஒளிகளைக் கூட்டி நிறம் காட்டுகிறது. அச்சில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளும் காகிதத்தில் படும் ஒளியின் ஒரு பகுதியை விழுங்கித்தான் நிறம் காட்ட முடியும். திரையில் ஜொலிக்கும் கிளிப்பச்சை இந்த நான்கு மைகளில் கிடைக்கவே கிடைக்காது. அச்சகத்தார்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. டிசைன் போடுபவரிடம் தொடக்கத்திலேயே ஃபைலைச் சிஎம்ஒய்கே முறையில், அதாவது இந்த நான்கு மைகளின் கணக்கில், போடச் சொல்லுங்கள். அடர் பச்சைக்குச் சயான் 90 சதவீதம், மஞ்சள் 100, கறுப்பு 45 என்று ஆரம்பித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு மைக்கும் தனி அச்சுத் தகடு (பிளேட்) உண்டு; மெஜந்தா இல்லாததால் பிளேட் விலகி அச்சாகும் தொல்லையும் கொஞ்சம் குறையும். பூச்சில்லாத மேப்லித்தோ காகிதம் மையை உறிஞ்சி மங்கவைக்கும். வழவழப்பான பூச்சுள்ள ஆர்ட் பேப்பரில் அதே பச்சை கூடுதல் உயிரோடு வரும்.

விலைப் பட்டியல் போன்ற சிறிய எழுத்தைப் பச்சைப் பின்னணியில் வெள்ளையாக விடாதீர்கள். மை சற்றுப் பரவும். ண, ஞ, இ போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். அதையெல்லாம் வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தாகவே போடுங்கள். அந்தக் கறுப்பு நான்கு மையும் கலந்ததாக இருக்கக் கூடாது, கறுப்பு மை மட்டும் 100 என்று சொல்லிவிடுங்கள். கலந்திருந்தால், பிளேட் சற்று நகர்ந்தாலும் ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் நிறம் கசியும்.

புதுப் பலகை அடிக்கும் முன் அதே ஷீட்டில் இரண்டடித் துண்டு ஒன்று மாதிரி கேளுங்கள். அதைக் கடை வாசலில் கட்டிவிட்டு, எதிர்ச்சாரியில் நின்று மத்தியானம் ஒரு தடவையும் விளக்குப் போடும் நேரத்தில் ஒரு தடவையும் படித்துப் பார்த்த பிறகு ஆர்டர் கொடுங்கள்.