ஐம்பது நாளை எங்கே விட்டீர்கள்?

கேள்வி: நாற்பது நாள் கறி, மீன் தொடவில்லை. வெள்ளிதோறும் சிலுவைப்பாதைக்குப் போனேன். வீட்டுக்காரரும் குடிக்காமல் இருந்தார். ஈஸ்டர் மதியம் பிரியாணியோடு பாட்டிலை எடுத்துவிட்டார். திங்கட்கிழமை தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனால், எடை போடுகிற இடத்தில் அதே மேஸ்திரி. எடை குறைகிற தகராறில் மூன்று மாதமாக அவரோடு பேச்சில்லை. ஆண்டவர் உயிர்த்ததால் எங்களைப் போன்றவர்களின் அன்றாட வாழ்வில் என்னதான் மாறுகிறது?
- ஒரு வாசகி, குன்னூர்

பதில்: சகோதரி, நாற்பது நாளை விரல்விட்டு எண்ணினீர்கள், அடுத்த ஐம்பது நாளை எண்ணவே இல்லை. ஈஸ்டரில் தொடங்கும் பாஸ்கா காலம் ஒரு ஞாயிறோடு முடிவதில்லை, தூய ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே திருநாள் வரை ஓடுகிறது. 2026-ல் ஏப்ரல் 5 முதல் மே 24 வரை. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்துக்கு ஒறுத்தல், சிலுவைப்பாதை, ஏழைகளுக்கான உண்டியல் என்று எல்லாம் வைத்திருக்கிறோம். அதைவிட நீளமான இந்தக் காலத்துக்கு வீட்டில் ஒன்றுமே வைத்துக்கொள்வதில்லை. கோளாறு அங்கேதான்.

யோவான் நற்செய்தி 21ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். உயிர்த்த ஆண்டவரைக் கண்ட பிறகும் பேதுரு மீன் பிடிக்கத்தான் கிளம்புகிறார். இரவெல்லாம் வலை வீசியும் ஒன்றும் இல்லை. விடிகிற நேரத்தில் ஆண்டவர் கரையில் நிற்கிறார். அங்கே கரி நெருப்பு மூட்டியிருக்கிறது. அதன்மேல் மீன், கூடவே அப்பம். அவர் சொன்ன பக்கம் வீசிய வலையில் 153 பெரிய மீன்கள். வேலை முடிந்து வந்தவர்களைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்.

யோவான் கரி நெருப்பைச் சொல்வது இரண்டே இடத்தில். இன்னொன்று 18ஆம் அதிகாரத்தில், தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில். குளிருக்கு அதில் காய்ந்துகொண்டுதான் பேதுரு ஆண்டவரைத் தெரியாது என்றார். நெருப்பில் கை காட்டி நிற்கிற நம் மலைக்காரர்களுக்கு அந்தக் குளிர் நன்றாகவே தெரியும். மூன்று தடவை மறுதலித்தவரிடம், இன்னொரு கரி நெருப்பின் பக்கத்தில், "என்மீது அன்பு இருக்கிறதா?" என்று ஆண்டவர் மூன்று தடவை கேட்கிறார். நடந்ததை மூடி மறைக்கவில்லை. பேதுருவை ஒதுக்கவும் இல்லை.

மேஸ்திரி விஷயத்தில் இதைத்தான் செய்ய வேண்டும். எடை குறைந்தால் அங்கேயே, எல்லார் முன்னாலும், குறைகிறது என்று சொல்லுங்கள். எழுதிய கணக்கைச் சரிபாருங்கள். கூலியை விட்டுக்கொடுப்பதற்குப் பெயர் மன்னிப்பு அல்ல. ஆனால் காலையில் முகம் பார்த்து வணக்கம் சொல்வதை நிறுத்தாதீர்கள்.

வீட்டுக்காரர் "ஈஸ்டர் வரைக்கும்" என்று தேதி போட்டுக் குடியை நிறுத்தினார். தேதி வந்ததும் எடுத்துவிட்டார். ஈஸ்டருக்கு முந்தின இரவு திருவிழிப்பில் மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு பாவத்தை "விட்டுவிடுகிறேன்" என்று சொன்னோமே, அந்தத் திருமுழுக்கு வாக்குறுதிக்குக் கெடு கிடையாது. நாற்பது நாள் இருந்தவரால் இன்னும் இருக்க முடியும். மறுபடி தேதி போடச் சொல்லாதீர்கள். தினமும் காலையில் "இன்றைக்கு வேண்டாம்" என்று மட்டும் கேளுங்கள். மறுபடி தினக்குடியாகிவிட்டால் திடீரென்று நிறுத்தும்போது கை நடுக்கம், வலிப்புகூட வரலாம். அப்போது அரசு மருத்துவமனையில் காட்டித்தான் நிறுத்த வேண்டும்.

உங்களுக்கும் ஒரு வேலை. பாஸ்கா காலத்தில், காலை, நண்பகல், மாலை சொல்கிற மூவேளை செபத்துக்குப் பதிலாக மாதாவை நோக்கிய "விண்ணக அரசியே" செபம். அதை நின்றபடியே சொல்வது வழக்கம். 325-ல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கமே இந்த நாட்களில் நின்று செபிக்கச் சொன்னது. நண்பகலில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்றே சொல்லிவிடலாம். ஒரு நிமிடம் ஆகாது.

உண்டியலையும் மூட்டை கட்டாதீர்கள். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15ஆம் அதிகாரம் முழுக்க உயிர்ப்புதான். அது முடிந்த கையோடு அவர் பேசுவது பணம்: வாரத்தின் முதல் நாள்தோறும் அவரவர் வருவாய்க்கு ஏற்ப எடுத்து வைக்கட்டும் என்கிறார், எருசலேமில் இருந்த இறைமக்களுக்காக. கொழுந்து கூடுகிற மாதங்கள் இவை. ஞாயிறுதோறும் பத்து ரூபாயாவது போடுங்கள்.

மே 3 ஊட்டி காந்தல் குருசடித் திருத்தலத்தின் திருவிழா. ஈஸ்டர் எந்தத் தேதியில் வந்தாலும் மே 3 பாஸ்கா காலத்துக்குள்தான் விழும். 2026-ல் அது ஞாயிற்றுக்கிழமை. நீங்களும் போவீர்கள். அதற்கு முன்னால் மேஸ்திரியிடம் பேசிவிட்டுப் போங்கள்.