அளவுக்கு மீறி நுணுக்கம் பேசுவதைக் குறிக்கத் தமிழில் என்ன சொல்?

குதர்க்கம்.

'நுண்' என்ற அடியிலிருந்து தேடினால் கிடைக்காது; தமிழில் அது பாராட்டுச் சொல். 'நுண்மாண் நுழைபுலம்' இல்லாதவனின் அழகை மண்பொம்மையின் அழகு என்கிறது 407ஆம் குறள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அப்பா கொலுசுப் பட்டறை வைத்திருந்தார். வளையத்தின் வாயில் வெண்காரம் தடவி, பற்றவைக்கும் பொடி வைத்துத் தீயை ஊதுவார். தீ ஒரு நொடி கூடினால் வளையமே உருகி உருண்டையாகிவிடும். அந்தக் கையைத்தான் 'நுணுக்கமான கை' என்பார்கள்.

குதர்க்கத்தில் பழி தர்க்கத்தின் மேல் விழுகிறது. குக்கிராமம், குயுக்தி ஆகியவற்றில் வரும் அதே வடமொழி 'கு'தான் முன்னால் நிற்கிறது. கோணலான தர்க்கம் என்று பொருள்.

ஒருமுறை ஒரு வியாபாரி, '10ஆம் தேதிக்குள்' என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். அப்பா 10ஆம் தேதி மாலை கொலுசுகளைக் கொண்டுபோனார். "உள் என்றால் உள்ளேதானே? 10 என்பது எல்லை. எல்லை எப்படி உள்ளாகும்?" என்று கேட்டுக் கூலியில் பிடித்துக்கொண்டார். முந்தைய மாதம் இதே சொல்லை எழுதிவிட்டு, சரியாக அந்தத் தேதியிலேயே வாங்கிக்கொண்டவர் அவர். பொருள் தெரிந்தே சொல்லைத் திருகினாரே, அது குதர்க்கம்.

பலர் இதையே விதண்டாவாதம் என்கிறார்கள். வாத முறைகளைச் சொல்லும் நியாய நூலில் விதண்டை வேறு: தன் கட்சி, அதாவது தன் தரப்பு, எதையும் நிறுவாமல் எதிராளி சொல்வதை மட்டும் உடைத்துக்கொண்டே போவது. அந்த வியாபாரிக்குச் சொந்தமாக ஒரு கட்சி இருந்தது. ஆகவே அது விதண்டை ஆகாது. எங்கள் பக்கம் பேச்சில் வரும் 'நொரநாட்டியம்' சாப்பாட்டிலும் துணியிலும் ஓயாமல் குறை பார்ப்பதற்கு, வாதத்துக்குப் பொருந்தாது.

'குதர்க்கம் பேசாதே', 'குதர்க்கமாகக் கேட்கிறான்' என்பவை இயல்பான வழக்குகள். ஆனால் தெரிந்துகொள்ளக் கேட்பவரிடம் இந்தச் சொல்லை வீசக் கூடாது. பள்ளியில் ஒருநாள், "'அவனும் வந்தான்' என்பதில் வரும் 'உம்'முக்கும் 'யாரும் வரவில்லை' என்பதில் வரும் 'உம்'முக்கும் பொருள் ஒன்றுதானா, ஐயா?" என்று கேட்டேன். "குதர்க்கம் பேசாதே, உட்கார்" என்றார் ஆசிரியர். பல ஆண்டுகள் கழித்து நன்னூலைப் படித்தேன். 'உம்'முக்கு எட்டுப் பொருள் சொல்லியிருந்தது.