வீட்டுக்குள்ள தொட்டியில பீன்ஸ்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

எட்டு வருசமா மூணாவது மாடி வீட்டுல தொட்டியில பீன்ஸ் போட்டு பறிச்சுட்டு இருக்கறனுங்க. தை பொறந்தாச்சு, இன்னிக்கு ஞாயித்துக்கெழமை, கரண்ட்டு இருக்கற வரைக்கும் பதில் சொல்றேன். மொதல்லயே ஒண்ணு, வெதைய ராத்திரி பூரா ஊறப் போடாதீங்க. இத இன்னிக்கு எத்தன தடவ சொல்லப் போறனோ.

கேள்வி (பீளமேடு): அக்கா, தெக்க பாத்த ஜன்னல். ஆடில வெதச்சேன், குத்துச்செடின்னுதான் பாக்கெட்டுல இருந்துச்சு, ஆனா நூலாட்ட நீண்டு சாஞ்சு போச்சு. உரம் பத்தலையா?

பதில்: உரம் இல்லீங்க, வெளிச்சம். பீன்ஸுக்கு ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழோணும். நம்ம கோயமுத்தூரு பூமத்திய ரேகைக்கு வடக்கால 11 டிகிரில இருக்குது, அதனால சித்திரைல இருந்து ஆவணி தொடக்கம் வரைக்கும் உச்சிப்பொழுது நம்ம தலைக்கு வடக்காலதான் போகும், அந்த நாலு மாசம் தெக்கு ஜன்னலுக்குள்ள வெயிலே எட்டிப் பாக்காது. புரட்டாசிக்கு மேல பொழுது தெக்க சாய சாய உள்ள வர ஆரம்பிக்கும், மார்கழில பாத்தீங்கன்னா சோபா மேல வந்து உக்காந்திருக்கும். ஆடிப்பட்டம் தேடி வெதைன்னது காட்டுக்குங்க, உங்க ஜன்னலுக்கு இல்ல. ஜன்னலுக்குப் பட்டம் புரட்டாசில இருந்து மார்கழி வரைக்கும். இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல, இந்த வாரத்துக்குள்ள போட்டுருங்க, குத்து பீன்ஸ் நாப்பது நாள்ல பூ எடுத்துரும், தள்ளிப்போட்டா பூக்கற நேரம் பங்குனி வெயில்ல மாட்டிக்கும். ஐப்பசி மூடாப்புக்கு மட்டும் நான் ஒரு எல்இடி வெளக்க செடிக்கு ஒரு அடி மேல தொங்க உட்டுக்குவேன். பன்னெண்டு இஞ்சுத் தொட்டிக்கு மூணு செடி, அதுக்கு மேல ஆசப்படாதீங்க. நாத்து விட்டுப் புடுங்கி நடற வேலையும் வேண்டாம், வேரத் தொட்டா பீன்ஸுக்கு ஆகாது, நேரா தொட்டியிலயே ஒரு இஞ்சு ஆழத்துல ஊனிருங்க.

கேள்வி (பொள்ளாச்சி): எங்கூர்ல கோகோபீட் சும்மா கெடைக்குது, அது மட்டும் போட்டா போதுங்களா?

பதில்: சும்மா கெடைக்கறதுலதான் வம்பே. கோகோபீட்டுங்கறது தேங்கா நார்த்தூளுதான், கழுவாததுல உப்பு நெறைய, பீன்ஸ் உப்பு தாங்காது, எலை ஓரமெல்லாம் கருகும். ரெண்டு மூணு தண்ணி மாத்தி அலசிப் பிழிஞ்சுட்டு, செம்மண்ணு ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு கலந்துக்கோங்க. சாணி எருவ அள்ளிக் கொட்டாதீங்க, எலை பச்சப்பசேல்னு நிக்கும், காய் இருக்காது.

கேள்வி (திருப்பூர்): வெதைய எத்தன மணி நேரம் ஊற வெக்கோணும்?

பதில்: ஊற வெக்கவே வேண்டாம். அவசரமா தண்ணி குடிச்சா பருப்பு வெடிச்சு மண்ணுக்குள்ளயே அழுகிரும்.

கேள்வி (ஈரோடு): வீட்டுக்குள்ள தேனீ வராதே, காய் புடிக்குமா?

பதில்: புடிக்கும். பூ விரியறதுக்கு முன்னாடியே அதுக்குள்ள மகரந்தம் சேந்துரும்.

கேள்வி (கரூர்): போன பங்குனில கொத்துக் கொத்தா பூத்துச்சு, ஒண்ணு விடாம கொட்டிருச்சுங்.

பதில்: 32 டிகிரிக்கு மேல போனா பூ நிக்காது. கரூர்ல பங்குனின்னா கேக்கவே வேண்டாம்.

கேள்வி (தாராபுரம்): மளிகைக்கடை ராஜ்மாவ ஊனினா மொளைக்குமா அக்கா?

பதில்: மொளைக்கும், ரெண்டும் ஒரே இனந்தான். ஆனா காய் நாரா இருக்கும். அந்தப் பருப்ப மட்டும் பச்சையாவோ அரைவேக்காட்டுலயோ தின்னுறாதீங்க, வாந்தி பேதி ஆகிரும், நல்லாக் கொதிக்க விட்டு வேக வெக்கோணும்.

கேள்வி (பல்லடம்): அக்கா பூ கொட்டுது.

பதில்: கரூர்க்காரருக்குச் சொன்னத படிங்க.

கேள்வி (கோபி): ஏனம்மிணி, வேலியோரம் தானா காய்க்கற அவரைய உட்டுப்போட்டு ஊட்டிக்காய வூட்டுக்குள்ள வெச்சு எதுக்கு இந்தப் பாடு?

பதில்: ஐயா, அவரை மேல எனக்கு வெனையில்லீங். எங்க அமுச்சி காட்டுல அவரைப் பந்தலுக்குக் கீழதான் நான் வளந்தேன். ஆனா பந்தல் அவரை என்ற ஹாலுக்குள்ள அடங்குமா?

கேள்வி (திருப்பூர்): ரெண்டும் ஒண்ணுதானுங்க, பேருதான் வேற.

பதில்: ஒண்ணு இல்லீங்க. பீன்ஸ் அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்தது, அவரை வேற பேரினம்.

கேள்வி (கோபி): அடங்கும் அம்மிணி. மக வூட்டு ஹால்ல டிரம்முல ஆடில போட்டேன், ஜன்னல் கம்பி பூரா சுத்திருச்சு. பூவுதான் ஒண்ணுகூடக் காணோம்.

பதில்: அப்படி வாங்க! ஐயா, அந்த ஹால்ல ராத்திரி எத்தன மணி வரைக்கும் லைட்டு எரியும்?

கேள்வி (பெருந்துறை): நடுவுல வந்ததுக்கு மன்னிச்சுக்கோங்க, எலைக்கு அடில செவப்பா புள்ளி, மெல்லிசா நூலாம்பட.

பதில்: செஞ்சிலந்தி. எலை அடிய தண்ணில கழுவுங்க, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், துளி சோப்பு, பொழுது எறங்குனப்புறம் அடிங்க. கோபி ஐயா?

கேள்வி (கோபி): பேத்தி பன்னெண்டாவது, பன்னெண்டு மணி வரைக்கும் படிக்கும்.

பதில்: அதானுங். நாட்டு அவரை பகல் கொறஞ்சு ராத்திரி நீண்டாத்தான் பூ எடுக்கும். கார்த்திகை மார்கழில வேலியில பூத்துக் குலுங்கறது அதனாலதான். உங்க டிரம்முக்கு ராத்திரியே வரல, அதுக்கு இன்னும் ஆடி மாசந்தான். நம்ம வேளாண் பல்கலைக்கழகத்துக் குத்து அவரை ரகம் வாங்கியிருந்தா இந்தத் தொந்தரவே இல்ல, அது எந்த மாசமும் பூக்கும்.

கேள்வி (கோபி): டிரம்ம நகத்த முடியாதே. பேத்திய நகத்தறதா?

பதில்: பேத்தி உள்ரூம்புல படிக்கட்டுங் ஐயா. ஆறரைக்கெல்லாம் ஹால் லைட்ட அணைச்சுப்போடுங்க, மாசிக்குள்ள மொட்டு பாக்கலாம்.

கேள்வி (கோபி): ஆறரைக்கு அணைச்சா மருமவன் டிவி எப்படிப் பாப்பாரு?

பதில்: டிவி வெளிச்சமும் வேண்டாம்னே சொல்லிருங்க.

கேள்வி (அவிநாசி): அக்கா, வெதைய ராத்திரி ஊறப் போட்டுட்டேன், இப்ப ஊனலாமா?

பதில்: கரண்ட்டு போயிருச்சுங்.