தருமபுரியிலிருந்து திப்ருகருக்கு: கேட்டவர்களுக்குப் பதில்

மகன் அசாமில் வேலை பார்க்கிறான். கன்னியாகுமரி–திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸில் நான்கு முறை போய் வந்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு தம்பி: எங்கள் ஊரில் ஸ்டேஷனே இல்லையே அண்ணா, எங்கே ஏறுவது?

சேலத்தில் ஏறுங்கள். வண்டி பொம்மிடி, மொரப்பூர், சாமல்பட்டி வழியாகத்தான் ஓடும், ஆனால் அங்கே நிற்காது. ஒரு காலத்தில் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூருக்கும் சின்ன ரயில் ஓடியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எடுத்துவிட்டார்கள். மொரப்பூர்–தருமபுரி பாதைக்கு 2019இல் மறுபடி அடிக்கல் நாட்டினார்கள். அது ஓடுவதைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

பாலக்கோடு: எத்தனை நாள் ஆகும்?

மொத்தம் 4,100 கிலோமீட்டருக்கு மேல், 9 மாநிலங்கள், ஏறக்குறைய 75 மணி நேரம். சேலத்தில் ஏறினால் ஓர் இரவு குறையும். தாமதமானால் கணக்கு மாறும், அதனால் இறங்கிய அன்றே வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

அரூர் அக்கா: சாப்பாட்டுக்கு என்ன செய்வீர்கள்?

முதல் நாளுக்குப் புளிச்சோறு. அப்புறம் சப்பாத்தி, தக்காளித் தொக்கு, கடலை உருண்டை. ஒடிசா தாண்டினால் ஸ்டேஷன்களில் பூரி, உருளைக்கிழங்குதான் அதிகம் கிடைக்கும்.

காவேரிப்பட்டணம்: ஸ்லீப்பரில் குடும்பத்தோடு போகலாமா? வடக்கத்திக்காரர்கள் கூட்டம் என்கிறார்களே.

போகலாம். 60 நாள் முன்பே முன்பதிவு திறக்கும், அன்றே எடுத்துவிடுங்கள். வயதானவர்கள் இருந்தால் மூன்றாம் ஏசி நல்லது, போர்வை தருவார்கள். கூட்டம் இருப்பது உண்மைதான். ஆனால் அவர்கள் யார்? கேரளாவிலும் நம் ஓசூர் பக்கத்துத் தொழிற்சாலைகளிலும் உழைத்துவிட்டு ஊர் திரும்பும் பிள்ளைகள். போன தடவை எதிர் சீட்டில் ஓர் அசாமியப் பையன். தங்கைக்கு வாங்கிய பட்டுப் பாவாடையை மடியை விட்டு இறக்கவே இல்லை. என் மனைவிக்குக் காய்ச்சல் வந்தபோது தன் கீழ்ப் படுக்கையைக் கொடுத்துவிட்டு, இரவெல்லாம் மேலே போய்ப் படுத்துக்கொண்டான். இந்த வண்டி அவர்களுடையது. அதை மனதில் வைத்து ஏறுங்கள், பேசுங்கள்.

பென்னாகரம்: எதைத் தவறவிடக் கூடாது?

ராஜமுந்திரியில் கோதாவரி. ஒடிசாவில் தண்டவாளத்தை ஒட்டியே வரும் சில்கா ஏரி. அப்புறம் பராக்கா: அங்கே அணைக்கட்டின் மேலேயே ரயில் கங்கையைக் கடக்கும், இரண்டு கிலோமீட்டருக்கு மேல். ஒகேனக்கல்லில் காவிரியைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த அகலம் வேறு மாதிரி இருக்கும். குவாஹாட்டிக்கு முன்னால் பிரம்மபுத்திராவும் அப்படித்தான்.

தருமபுரி: அங்கே சீக்கிரம் இருட்டிவிடுமாமே?

ஆமாம். டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டத் தொடங்கும். நாடு முழுக்க ஒரே கடிகாரம், சூரியனோ அங்கே நம் ஊரை விட ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்துகிறது. அதனால்தான் அசாம் தேயிலைத் தோட்டங்களில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்து வேலை செய்கிறார்கள். ‘பாகான் நேரம்’ என்பார்கள். தோட்டத்துக்கு யாரையாவது பார்க்கப் போனால், எந்த நேரம் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.