பணித்தளத்தில் முதல் நாட்கள்: வாசகர் கேள்வி – பதில்

வெளிநாட்டில் கிறிஸ்தவ ஊழியத்துக்கு (மிஷனரிப் பணிக்கு) முதன்முறை புறப்படும் இளைஞர்களும் அவர்களை அனுப்பும் குடும்பங்களும் எழுதிய கடிதங்கள் இம்முறை நிறையவே சேர்ந்துவிட்டன. இறையியல் கேள்விகளை வேறொரு இதழுக்கு ஒதுக்கிவிட்டு, விமானம் இறங்கியதும் எதிரே வந்து நிற்கும் விஷயங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: குடியேற்ற அதிகாரி "எதற்காக வந்தீர்கள்?" என்று கேட்டால் "சுற்றிப் பார்க்க" என்று சொல்லிவிடு, வம்பே இல்லை என்கிறார்கள் நண்பர்கள். சொல்லலாமா?

பதில்: கூடாது. விசாவில் என்ன நோக்கம் இருக்கிறதோ, அதையே வாயும் சொல்ல வேண்டும். சுற்றுலா விசாவில் நுழைந்து ஊழியம் செய்வது பல நாடுகளில் விசா மீறல். பிடிபட்டால் நாடுகடத்தல், மீண்டும் நுழையத் தடை, உங்களை அழைத்த உள்ளூர் சபையின் மேல் விசாரணை என்று மூன்றும் வரலாம். மூன்றாவதுதான் மோசம். நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், அவர்கள் அங்கேயே வாழ வேண்டும்.

அழைப்புக் கடிதம், தங்குமிட முகவரி, வரவேற்பவரின் கைபேசி எண், காப்பீட்டுத் தாள், திரும்பும் பயணச்சீட்டு எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். கைபேசியில் மட்டும் வைத்திருந்தால் மின்சாரம் தீர்ந்த நேரம் பார்த்துத்தான் கேட்பார்கள். பாஸ்போர்ட் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. மருந்துகளை அவற்றின் சொந்த அட்டையிலேயே, மருத்துவர் சீட்டோடு கொண்டுபோங்கள். கோடீன், டிரமடால் போன்ற சாதாரண வலி மருந்துகள்கூட ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை.

இன்னொன்று: அந்த நாட்டில் எதுவரை பேசலாம் என்ற சட்டத்தைப் புறப்படும் முன்பே படித்துவிடுங்கள். நேபாளத்தில் 2018-இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டப்படி, மதம் மாற்றினால் 5 ஆண்டுவரை சிறை. வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்ததும் நாடுகடத்தல். ரஷ்யாவில் 2016 முதல், பதிவுபெற்ற சமய அமைப்பின் அதிகாரக் கடிதம் கையில் இல்லாமல் தெருவிலோ வீட்டிலோ சுவிசேஷம் சொல்வது அபராதத்துக்குரியது, வெளிநாட்டவரை வெளியேற்றவும் செய்யலாம். இஸ்ரேலில் 1977-ஆம் ஆண்டுச் சட்டம், மதம் மாறுவதற்காகப் பணமோ பொருளோ கொடுப்பதைக் குற்றமாக்குகிறது. "நல்ல நோக்கத்தோடு செய்தேன்" என்ற பதிலை எந்தக் காவல் நிலையமும் பதிவு செய்துகொள்வதில்லை.

கேள்வி: முதல் வாரத்தை எப்படிப் பயன்படுத்துவது? வந்த மறுநாளே வேலையைத் தொடங்கலாமா?

பதில்: தொடங்கலாம், ஆனால் நீங்கள் நினைக்கும் வேலையை அல்ல. ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறத்தாழ ஒரு நாள் என்ற கணக்கில்தான் உடல் புது நேரத்துக்குப் பழகும். கிழக்கு நோக்கிப் பறந்தவர்களை இது கூடுதலாகப் படுத்தும். பகலில் அரை மணிக்கு மேல் தூங்காமல், வெளிச்சத்தில் நடந்து, உள்ளூர் நேரப்படி சாப்பிடுங்கள். தூக்கம் சரியாகும்வரை வீட்டு வாடகை ஒப்பந்தம் போன்ற பெரிய முடிவுகளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

முதல் இரண்டு நாளில் முடிக்க வேண்டியவை: வெளிநாட்டவர் பதிவு (எத்தனை நாளுக்குள், எந்த அலுவலகத்தில் என்று அழைத்த சபையிடம் கேளுங்கள், கெடு தவறினால் தண்டத்தொகை தினமும் ஏறும் நாடுகள் உண்டு), உள்ளூர் சிம், தங்குமிட முகவரியை அந்த நாட்டு எழுத்தில் எழுதிய ஒரு அட்டை. வாகன ஓட்டியிடம் நீட்ட அந்த அட்டை போதும். தாய்நாட்டு சிம்மை அணைத்துவிடாதீர்கள். வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் அந்த எண்ணுக்குத்தான் வரும், அது வராமல் தன் பணத்தையே எடுக்க முடியாமல் நிற்கிறவர்கள் ஏராளம். ரோமிங் வசதியைக் கிளம்பும் முன்பே இயக்கி, ஒரு குறுஞ்செய்தி வாங்கிப் பார்த்துவிடுவது உத்தமம். வங்கி அட்டைகள் இரண்டு இருந்தால் இரண்டையும் ஒரே பணப்பையில் வைக்காதீர்கள். திரும்பும் பயணச் செலவுக்கு உரிய தொகை தனியே, யாரும் தொடாத கணக்கில் இருக்கட்டும்.

கேள்வி: போன மூன்றாம் நாளே காய்ச்சல் வந்தால் மலேரியா என்று எடுத்துக்கொள்வதா? வயிற்றுப்போக்குக்கு என்ன கொண்டுபோக வேண்டும்?

பதில்: மலேரியா கிருமி உடலில் புகுந்து காய்ச்சலாக வெளிப்படக் குறைந்தது 7 நாள் ஆகும். ஆகவே மூன்றாம் நாள் காய்ச்சல் பெரும்பாலும் வேறு ஏதாவதுதான். ஏழாம் நாளுக்குப் பிறகு, ஏன் ஊர் திரும்பி ஒரு வருடம்வரைகூட, காய்ச்சல் வந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை. "மலேரியா உள்ள நாட்டில் இருந்தேன்" என்று மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். டெங்கு இருக்கும் நாடானால் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுபுரூபன் ரத்தக்கசிவைக் கூட்டும்.

மலேரியாத் தடுப்பு மாத்திரைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. அடோவகுவோன்-புரோகுவானில் போவதற்கு 1 அல்லது 2 நாள் முன் தொடங்கி, திரும்பியபின் 7 நாள். டாக்சிசைக்ளின் அதேபோல் தொடங்கி, திரும்பியபின் 4 வாரம். வெயில் பட்டால் தோல் சிவக்கும், நிறையத் தண்ணீரோடு விழுங்கி உடனே படுக்காமல் இருக்க வேண்டும், இல்லையேல் உணவுக்குழாய் புண்ணாகும். மெஃப்ளோகுவின் வாரம் ஒன்று, 2 வாரம் முன்பே தொடங்க வேண்டும். இந்தக் கடைசி மாத்திரையைப் பற்றி அழுத்திச் சொல்கிறோம்: கெட்ட கனவு, பதற்றம், மனச்சோர்வு இதன் பக்கவிளைவுகள். புது நாட்டில் இவை வந்தால் "வீட்டு ஏக்கம்" என்றோ "ஆவிக்குரிய தாக்குதல்" என்றோ சுற்றியிருப்பவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். முதலில் மருத்துவரை அழைத்து மாத்திரையை மாற்றலாமா என்று கேளுங்கள். ஜெபமும் நடக்கட்டும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமான நாடென்றால் நுழைவதற்குக் குறைந்தது 10 நாள் முன் போட்டிருக்க வேண்டும், அதற்குள் போட்டால் சான்றிதழ் செல்லாது. 2016 ஜூலை முதல் அந்தச் சான்றிதழுக்கு ஆயுள் முழுவதும் மதிப்பு.

வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் பொட்டலம் பத்தாவது கொண்டுபோங்கள். இல்லாத இடத்தில் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் சர்க்கரை 6 மட்டத் தேக்கரண்டி, உப்பு அரை மட்டத் தேக்கரண்டி. உப்பு கூடினால் ஆபத்து, எனவே குவியலாக அள்ளக் கூடாது. மலத்தில் ரத்தமோ கடும் காய்ச்சலோ இருந்தால் போக்கை நிறுத்தும் மாத்திரை வேண்டாம், மருத்துவமனை. குடிநீரைக் கொதி வந்தபின் 1 நிமிடம் கொதிக்க விடுங்கள். 2,000 மீட்டருக்கு மேல் உயரமான ஊரில் 3 நிமிடம்.

கேள்வி: மொழி தெரியாமல் என்ன ஊழியம் செய்ய முடியும்? எத்தனை மாதத்தில் பேச வரும்?

பதில்: மாதக் கணக்கை விடுங்கள், மணிக் கணக்காகப் பாருங்கள். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுகிறவர் ஸ்பானிஷ் போன்ற நெருங்கிய மொழியில் வேலை செய்யும் அளவு தேற 600 முதல் 750 வகுப்பு மணி என்றும், ஜப்பானியம், அரபு போன்றவற்றுக்கு 2,200 மணி என்றும் கணக்கு வைத்திருக்கிறது. உங்கள் தாய்மொழி வேறு என்பதால் எண் மாறும். ஆனால் மூன்று மாதத்தில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பிரசங்கம் செய்வேன் என்ற வாக்குறுதியை, உங்கள் ஊழியத்தைப் பண உதவியால் தாங்குவோருக்கு எழுதிவிடாதீர்கள்.

மொழி கற்கும் மிஷனரிகளுக்கு வழிகாட்டிய தாமஸ், எலிசபெத் புரூஸ்டர் தம்பதியர் சொன்ன முறை இன்றும் எடுபடுகிறது: கொஞ்சம் கற்று, அதை அதிகமாகப் பயன்படுத்துவது. முதல் நாளுக்கு நான்கு வாக்கியம் போதும். வணக்கம், என் பெயர் இது, உங்கள் மொழி படிக்கிறேன், இதற்கு மேல் எனக்குத் தெரியாது. உதவியாளர் ஒருவரிடம் இவற்றைச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்து, காலையில் இருபது முறை கேட்டு, அவர் திருத்தத் திருத்தச் சொல்லிப் பழகிவிட்டு, தெருவில் இறங்கி முப்பது பேரிடமாவது சொல்லுங்கள். முப்பதாவது ஆளிடம் நாக்கு தானாகத் திரும்பும். மறுநாள் இன்னும் இரண்டு வாக்கியம்.

தவறு நடக்கும் இடம் எது தெரியுமா? உதவியாளராக ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவரைப் பிடிப்பது. பாடம் பத்து நிமிடத்தில் ஆங்கில அரட்டையாகிவிடும். முடிந்தால் வந்த முதல் வாரங்களிலேயே உள்ளூர்க் குடும்பம் ஒன்றோடு தங்குங்கள். தாய்மொழிக்காரர் சூழ்ந்த வளாகத்தில் முதல் மாதத்தைக் கழித்தவருக்கு அதைவிட்டு வெளியே வர வருடம் ஆகும். 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குவுக்கு வயது 23. பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். வெட்கத்தை அவர் எங்கே வைத்தாரோ, நீங்களும் அங்கே வையுங்கள்.

கேள்வி: வந்த முதல் ஞாயிறே பிரசங்கிக்கச் சொல்கிறார்கள்.

பதில்: வாழ்த்தும் சாட்சியும் (உங்கள் சொந்த விசுவாச அனுபவம்) மூன்று நிமிடம் போதும். கட்டாயப்படுத்தினால் மொழிபெயர்ப்பாளரோடு முந்தின நாள் அரை மணி உட்காருங்கள். வசன எண்கள், ஊர், ஆள் பெயர்களை எழுதிக் கொடுங்கள். 20 நிமிடம் தந்தால் உங்களுக்கு 10 தான், மீதி அவருக்கு. சிலேடை வேண்டாம்.

கேள்வி: தெரிந்த ஒரு வாரத்திலேயே ஒரு சகோதரர் கடன் கேட்கிறார். மறுத்தால் அன்பில்லை என்பார்களோ?

பதில்: முதல் மாதத்தில் யாருக்கும் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள். கடனோ கொடையோ, இரண்டும் கூடாது. ஒருவருக்குக் கொடுத்தது மாலைக்குள் தெருவுக்கே தெரியும், அடுத்த வாரம் உங்கள் வாசல் வேறு மாதிரி இருக்கும். உண்மையான தேவை யாருடையது என்று புதியவருக்குத் தெரியாது, உள்ளூர் மூப்பருக்குத் தெரியும். "நான் சபை மூப்பரிடம் சொல்கிறேன், அவர்கள் முடிவு செய்வார்கள்" என்ற ஒரே பதிலை எல்லோருக்கும் சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்தான மருத்துவ அவசரம் இதற்கு விலக்கு. அங்கேயும் பணத்தை மருத்துவமனையில் செலுத்துங்கள், ஆளின் கையில் வேண்டாம்.

கேள்வி: மகன் போய் இரண்டு வாரம் ஆகிறது. தினமும் அழைக்கிறேன், சரியாகப் பேசுவதில்லை. வேலையும் ஒன்றும் நடக்கவில்லை என்கிறான். கவலையாக இருக்கிறது. (ஒரு தாய்)

பதில்: அம்மா, அழைப்பை வாரம் ஒன்றாக, நாளும் நேரமும் குறித்து வையுங்கள். தினமும் வீட்டுக் குரல் கேட்டால் மனம் தினமும் திரும்பி வரும். பிற்காலப் பரிசுத்தவான்கள் (மார்மன்) சபையின் இளம் மிஷனரிகள் 2019 வரை வருடத்தில் இரண்டே முறைதான் வீட்டுக்குப் பேச முடிந்தது. அது மிகக் கடுமை என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. அவர்களும் இப்போது வாரம் ஒருமுறை என்று தளர்த்திவிட்டார்கள்.

எரிச்சல், மந்தம், எல்லாவற்றையும் குறை சொல்வது ஆகியவற்றைப் புது நாட்டுக்குப் போனவர்களிடம் கவனித்து, 1950-களிலேயே கலாச்சார அதிர்ச்சி என்று விளக்கியவர் மானிடவியலாளர் கலேர்வோ ஓபெர்க். முதலில் வருவது உற்சாகம். சரிவு சில வாரங்கள் கழித்து வரும். மகன் அந்தச் சரிவில் கால் வைத்திருக்கலாம். சாப்பிடுகிறானா, தூங்குகிறானா, வாரம் ஒரு நாள் ஓய்வு எடுக்கிறானா என்று கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ அடியோடு கெட்டிருந்தால், அல்லது வாழ வெறுப்பாகப் பேசினால், தள்ளிப்போடாமல் அனுப்பிய ஸ்தாபனத்தின் பொறுப்பாளரை அன்றே அழையுங்கள்.

"ஒன்றும் நடக்கவில்லை" என்பதற்குத் தேதிகளைக் காட்டுங்கள். ஆங்கிலேய மிஷனரி வில்லியம் கேரி 1793-இல் வங்காளத்தில் இறங்கினார். முதல் ஞானஸ்நானம் 1800 டிசம்பரில். அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் 1813-இல் பர்மாவின் ரங்கூன் போய்ச் சேர்ந்தார். முதல் விசுவாசி 1819-இல். இரண்டு வாரத்தில் அறிக்கை கேட்கிறவர்கள் அவன் சபையில் யாராவது இருந்தால், இந்த வரியை அவர்களுக்கும் அனுப்பிவையுங்கள்.