எடைக்குக் காசா, எண்ணெய்க்குக் காசா?

கேள்வி: ஐயா, ஆலிவ் எண்ணெயைப் பாட்டிலில் அடைத்து விற்கும் சின்னத் தொழில் எங்களுடையது. இதுவரை மொத்த வியாபாரியிடம் டிரம்மில் வாங்கினோம். இனி பக்கத்துத் தோட்டக்காரர்கள் சிலரோடு நேரடியாகச் சேர நினைக்கிறோம். கிலோவுக்கு என்ன விலை என்பதிலேயே பேச்சு நிற்கிறது. எப்படி முடிப்பது?

பதில்: எவ்வளவு என்பதை அப்புறம் பேசலாம். எதற்குக் காசு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இந்தத் தொழிலில் கூட்டு முறிவது பெரும்பாலும் அங்கேதான்.

காயின் எடைக்கு மட்டும் காசு என்றால், பறிப்பதற்கு முன்னால் தோட்டத்தில் தண்ணீர் பாயும். குறை சொல்லவில்லை, தோட்டம் என்னுடையதாக இருந்தால் நானும் பாய்ச்சுவேன். காய் நீர் ஏறிக் கனக்கும். அதை அரைத்தால் விழுது கொழகொழவென்று ஆகி, எண்ணெய் சரியாகப் பிரியாமல் சக்கையோடு போய்விடும். நீங்கள் காசு கொடுத்தது தண்ணீருக்கு.

சரி, எண்ணெய் விழுக்காட்டுக்குக் காசு என்று வைத்தால்? இப்போது அவர் காத்திருப்பார். காய் பச்சையிலிருந்து ஊதாவாகி, கறுத்து, நீர் வற்ற வற்ற விழுக்காடு ஏறும். 100 கிலோவுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ எண்ணெய் தந்த மரம், பிந்திப் பறித்தால் இருபதைக்கூடத் தொடலாம். ஆனால் பச்சைப்புல் வாசனை போய்விடும், தொண்டையில் சுரீரென்று பிடிக்கும் அந்த உறைப்பும் குறைந்துவிடும். உறைப்பையும் கசப்பையும் தரும் பாலிபினால்கள்தான் எண்ணெய் சீக்கிரம் சிக்குப் பிடிக்காமலும் காக்கின்றன. அளவு கூடி, ஆயுள் குறைந்த எண்ணெயை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

நான் சொல்வது இது. கிலோவுக்கு ஒரு அடிப்படை விலை. பறிக்கும் வாரத்தை இருவரும் மரத்தடியில் நின்று முடிவு செய்யுங்கள். முந்திப் பறித்தால் எண்ணெய் குறையும், அந்த நஷ்டம் உங்களுடையது. பச்சைக் காய் காம்பை விட்டு லேசில் வராது, பறிகூலி கூடும். அதிலும் ஒரு பங்கு ஏற்றுக்கொள்ளுங்கள். இதற்கு மேல், எண்ணெயின் அமிலத்தன்மையைப் பார்த்து ஊக்கத்தொகை. எக்ஸ்ட்ரா வெர்ஜின், அதாவது முதல் தரம், என்று விற்க உச்சவரம்பு 0.8 விழுக்காடு. அது தாராளமான வரம்பு. 0.3-க்குக் கீழே கொண்டுவருபவருக்குக் கூடுதல் பணம் என்று எழுதிவையுங்கள்.

சோதனையை அவர் கண்ணெதிரே செய்யுங்கள். குடுவையில் எண்ணெய், ஆல்கஹால், நிறம் மாறிக் காட்டும் பினாப்தலின் ஓரிரு சொட்டு. மேலிருந்து காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். இளஞ்சிவப்பு வந்து வந்து மறையும். கலையாமல் நிற்கும்போது, செலவான கரைசலின் அளவைப் படித்தால் அமிலம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். சில நிமிட வேலை. ஆய்வகத் தாளை நீட்டினால் வாதாடுபவர்கூட, தன் கண்ணால் பார்த்த நிறத்தோடு வாதாட மாட்டார்.

அமிலம் ஏறுவது ஆலையில் அல்ல, பெரும்பாலும் அதற்கு முன்பே. பழ ஈ துளைத்த காய், நிலத்தில் உதிர்ந்த காய், சாக்கில் அடைத்து ராத்திரி முழுக்கக் கிடந்த காய். மூட்டைக்குள் கையை விட்டுப் பாருங்கள். நடுவில் வெதுவெதுப்பாக இருந்தால் உள்ளே புளிக்க ஆரம்பித்துவிட்டது. அந்த வாடை எண்ணெயில் இறங்கினால் போகாது. அமில அளவு சரியாக இருந்தாலும் பயனில்லை, எண்ணெயை ருசித்துத் தரம் சொல்லும் குழுவுக்குக் குறை தெரிந்தால் எக்ஸ்ட்ரா வெர்ஜின் தகுதி கிடையாது. ஆகவே காற்றோட்டமான, ஆழம் குறைந்த பிளாஸ்டிக் கிரேட்டுகளை நீங்களே வாங்கிக் கொடுங்கள். பறித்த அன்றே அரைத்துவிடுவது உத்தமம், எப்படியும் 24 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. ஆலை அடுத்தவருடையது என்றால், முந்தைய ஆளின் விழுது ஒட்டியிருக்கும் தொட்டியைக் கழுவச் சொல்லி, கழுவியதைப் பார்த்துவிட்டு உங்கள் காயைக் கொட்டுங்கள்.

கேள்வி: ஒப்பந்தம் போட்ட தோட்டக்காரர் இந்த வருடம் பாதிக் காய்தான் தந்தார். வெளியே விற்கிறாரோ என்று சந்தேகம். கேட்கலாமா?

பதில்: கேட்பதற்கு முன் மரத்தைப் போய்ப் பாருங்கள். ஆலிவ் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் காய்க்கும் சுபாவம் உள்ளது. முந்தைய பருவத்தில் விட்ட தளிரில்தான் அடுத்த காய் பிடிக்கும். காய்த்துக் குலுங்கிய வருடத்தில் மரம் தளிர் விட மறந்துவிடும். கவாத்து செய்தால் ஏற்ற இறக்கம் குறையும், அடியோடு தீராது. இத்தனை டன் என்று எழுதாமல், இன்ன வரிசை மரங்களின் காய் முழுவதும் என்று எழுதுங்கள். பூக்கும் காலத்தில் ஒரு நடை போய்வந்தால் வரப்போவது என்னவென்று ஓரளவு தெரிந்துவிடும், சந்தேகமும் வராது.

கேள்வி: வடிகட்டாத, கலங்கிய எண்ணெய்தான் அசல் என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். அப்படியே அடைக்கலாமா?

பதில்: அந்தக் கலங்கல் தண்ணீரும் காயின் சதைத் துணுக்குகளும்தான். அடியில் கசடாகத் தங்கிப் புளிக்கும். சில வாரத்தில் தீர்ந்துவிடும் என்றால் விற்றுக்கொள்ளுங்கள். அலமாரியில் நிற்கப்போகும் பாட்டில் என்றால் வடிகட்டுங்கள்.

கேள்வி: எங்களோடு சேர்ந்த ஒவ்வொரு தோட்டக்காரரும் லேபிளில் தன் பெயர் வேண்டும் என்கிறார். கலந்து அடைத்தால் கோபப்படுகிறார்கள்.

பதில்: கோபம் நியாயம்தான். ஆனால் தனித்தனியே வைக்க ஆளுக்கொரு கலன் வேண்டும். பாதி காலியான கலனில் மேலே நிற்கும் காற்று எண்ணெயைத் தின்றுவிடும். மிதக்கும் மூடி போட்ட சின்ன எவர்சில்வர் கலன்கள் இருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் கலப்பதில் பாவமில்லை. கொராட்டினா ரகக் காய் வைத்திருப்பவரின் எண்ணெய் முரட்டுக் கசப்பு, அர்பெக்கினா ரகக்காரருடையது சாது, சீக்கிரம் கெடும். இரண்டும் சேர்ந்தால் இரண்டுக்குமே நல்லது. லேபிளில் எல்லார் பெயரையும் போட்டுவிடுங்கள். கூடவே அறுவடை செய்த மாதமும் வருடமும் இருக்கட்டும், அதில் போன பருவத்து மிச்சத்தைக் கலக்காதவரை. அடைத்த தேதியை மட்டும் போட்டிருக்கும் பாட்டிலை நான் திருப்பி அலமாரியில் வைத்துவிடுவேன்.