49 வயதில் பழைய டைமிங்கைத் துரத்தலாமா?

கேள்வி: வயது 49, ஊர் பள்ளிகொண்டா. கல்லூரியில் 1500 மீட்டரை 4 நிமிடம் 18 விநாடியில் ஓடியவன். ஒரு வருடமாக மறுபடி ஓடுகிறேன். இப்போது மூச்சு வாங்குவதில்லை. ஆனால் வேகம் கூட்டினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. இரண்டு முறை ஆகிவிட்டது. பாலாற்று மணலில் ஓடினால் கால் உறுதியாகும் என்கிறார் நண்பர். டிசம்பரில் மாவட்ட மாஸ்டர்ஸ் (மூத்தோர்) தடகளப் போட்டி இருக்கிறது; பிப்ரவரியில் எனக்கு 50 முடிகிறது. கலந்துகொள்ளலாமா? அப்பா 54 வயதில் மாரடைப்பில் இறந்தவர். "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்கிறார் மனைவி. என் பழைய ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி வைத்த ஓட்ட ஷூ) இன்னும் பரணில் இருக்கிறது.

பதில்: மனைவி உங்களைக் கிண்டல் செய்வதுபோல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. மாமனாரை நினைத்துப் பயப்படுகிறார். அந்தப் பயம் நியாயமானதுதான். முதலில் வேலூருக்குப் போய் இதய மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். அப்பாவின் விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள், பி.பி., சர்க்கரை, கொழுப்பு, ஈ.சி.ஜி. எல்லாம் பார்த்துவிட்டு, டிரெட்மில் டெஸ்ட் வேண்டுமா என்று அவர் முடிவு செய்யட்டும். போகும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை வேக ஓட்டம் வேண்டாம். ஓடும்போது நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ நின்றுவிட வேண்டும். இன்னும் ஒரு ரவுண்டு பார்க்கலாம் என்று நினைக்கவே கூடாது.

சரி, கெண்டைக்காலுக்கு வருவோம். திரும்பி வரும் ஓட்டக்காரர்கள் பல பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடும். தசையை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாண் அப்படியல்ல. அது உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும், வயது கூடக்கூட இன்னும் மெதுவாகும். மூச்சு தயாராகிவிட்டதால் காலும் தயார் என்று நம்பி உடம்பு ஏமாறுகிறது. போதாததற்கு, உங்கள் மனசில் பழைய வேகம் அப்படியே இருக்கிறது. 4:18 என்றால் 400 மீட்டர் ரவுண்டு ஒன்றுக்கு 69 விநாடி. நீங்கள் இப்போதும் 70-ஐ ஒட்டித்தான் ஓடிப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த டைமிங்கை மறந்துவிடுங்கள். ரவுண்டுக்கு 88 விநாடி வைத்தால் 5 நிமிடம் 30 விநாடி வரும். உங்களுக்கு இப்போதைக்கு அதுவே நல்ல இலக்கு.

மணல் வேண்டவே வேண்டாம். இளவட்டங்களுக்கு அது பயிற்சியாக இருக்கலாம். பொத பொதவென்ற மணலில் குதிகால் ஒவ்வொரு அடிக்கும் உள்ளே இறங்கும். ஏற்கெனவே நொந்த கெண்டைக்காலை அது இன்னும் இழுக்கும். பள்ளி மைதானத்துக் கெட்டி மண் போதும். வலி முழுக்கப் போன பிறகு, வீட்டுப் படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நின்று, குதிகாலை மெல்ல மெல்லக் கீழே இறக்குங்கள். முதலில் இரண்டு காலால், பிறகு ஒற்றைக் காலால், தடவைக்குப் பதினைந்து, மூன்று தடவை. சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். வேகத்துக்கு, வாரத்தில் ஒரே ஒரு நாள், மெதுவான ஓட்டம் முடிந்ததும் 80 மீட்டரை முக்கால் வேகத்தில் நான்கைந்து தரம் ஓடினால் போதும். மறுநாள் ஓய்வு. இருபது வயதில் ஒரு ராத்திரி தூங்கினால் சரியாகிவிடும். இப்போது இரண்டு நாள் ஆகும். ஓடி வந்ததும் வெறும் கூழோடு நிறுத்தாமல் முட்டையோ, அவித்த மல்லாட்டையோ (வேர்க்கடலை), பச்சைப்பயறோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் போட்டியை விட்டுவிடுங்கள். மாஸ்டர்ஸில் 35 வயதிலிருந்து ஐந்தைந்து வயதாகப் பிரிவு பிரிப்பார்கள். டிசம்பரில் ஓடினால் 45–49 பிரிவில் நீங்கள்தான் ஏறக்குறைய மூத்தவர், அதுவும் நொந்த காலோடு. பிப்ரவரிக்குப் பிறகு 50–54 பிரிவில் நீங்கள்தான் இளையவர்! 50 பிறக்கிறதே என்று சந்தோஷப்படுகிற ஆட்களை மாஸ்டர்ஸ் ஓட்டத்தில்தான் பார்க்க முடியும். 2022-இல் பின்லாந்தில் நடந்த உலக மாஸ்டர்ஸ் போட்டியில் பகவானி தேவி 94 வயதில் 100 மீட்டர் தங்கம் வாங்கினார். உங்களுக்கு இன்னும் எத்தனையோ பிரிவு பாக்கி இருக்கிறது. ஒரு டிசம்பர் போனால் போகட்டும்.

அப்புறம், நம் பக்கத்து வெயில் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் ஐந்து மணிக்கே கிளம்பி வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடுங்கள். அந்த மாதங்களில் டைமிங் பார்க்காதீர்கள். போட்டியை ஆடிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பரணில் இருக்கும் ஸ்பைக்ஸை எடுக்காதீர்கள். இத்தனை வருடத்தில் பசை காய்ந்து அடிப்பாகம் கையோடு வந்துவிடும். புதிதாக இருந்தாலும் ஸ்பைக்ஸில் குதிகால் தாழ்வாகவே இருக்கும். கெண்டைக்காலுக்குப் பாரம் கூடும். முதல் போட்டியைச் சாதாரண ரன்னிங் ஷூவிலேயே ஓடுங்கள்.